வல்லத்திராக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு நேரம்?

டிக்கெட் கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானமாக இருந்தால் கணக்கு புரண்டுவிடும். 15-ஆம் தேதி, அதிகாலை 1.00 மணி என்று போட்டிருந்தால், வீட்டில் பெட்டியைத் தூக்க வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. 15 ராத்திரி போய் நின்றால் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே, திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடும். புதுக்கோட்டையில் திருச்சி பஸ் ஏறி ஏர்போர்ட் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். பெட்டி கனமென்றால் அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். காரில் போனால் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 11 முதல் விமானங்கள் புது முனையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய கட்டடத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,980 கிலோமீட்டர். பறப்பது நாலு மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின். ஆனால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும் என்பதால், அந்த ஒரு மணி விமானத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒரு மணிக்கு ஏறினால் இறங்கும்போது நம் ஊரில் ஐந்து, அங்கே ஏழரை. ஆக, வீட்டு வாசலிலிருந்து ஒன்பது மணி நேரம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய தலைமுறைக்கு இதே பயணம் ஒரு வாரம் போல ஆனது.

அந்த இரண்டரை மணி வித்தியாசம் எப்போதும் இருந்ததல்ல. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர், மலேசியாவோடு ஒத்துப்போகத் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் இரண்டு மணிதான். திரும்பி வரும்போது டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் தெரியும். விமானம் வேகமாகிவிடவில்லை, கடிகாரம்தான் பின்னே போகிறது.

இன்னொரு வேடிக்கை. திருச்சியிலிருந்து துபாயும் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர்தான். ஒரு வீட்டில் அண்ணன் துபாயிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருந்தால், இருவருக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றே. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னே ஓடுகிறது. இருவரோடும் சேர்ந்து பேச ஆசைப்பட்டால், இங்கே மாலை ஏழு மணி தோதானது: துபாயில் ஐந்தரை, சிங்கப்பூரில் ஒன்பதரை.

சிங்கப்பூர் போகிறவர்கள் நுழைவு அட்டையை இணையத்தில், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பெட்டி. வாய்ப்புகையிலையும் சூயிங்கமும் சிங்கப்பூருக்கு ஆகாது. கசகசா சிங்கப்பூர், துபாய் இரண்டு ஊர்களிலும் வில்லங்கம். அம்மா பாசத்தோடு கட்டித் தரும் மசாலாப் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பெட்டியைப் பூட்டுங்கள்.