கொடைச் சிலையும் பொதுப் பூங்காவும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. பொதுப் பூங்காவிற்குக் கொடையாக வரும் சிலைக்கு இது பொருந்தாது. நகரம் யாரைப் போற்றுகிறது என்பதை அச்சிலை தலைமுறைகளுக்கு உரைக்கும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் நெடுங்காலம் கதைமாந்தரான பெண்களுக்கே சிலைகள் இருந்தன. உண்மையில் வாழ்ந்த பெண் எவருக்கும் இல்லை. அக்குறை நீக்கத் தன்னார்வ அமைப்பொன்று சிலை வழங்க முன்வந்தது. முதல் வடிவத்தில் சூசன் ஆண்டனி, எலிசபெத் ஸ்டாண்டன் என்னும் வெள்ளையின வாக்குரிமைப் போராளிகள் இருவரே இடம்பெற்றனர். கறுப்பினப் பெண்களின் பங்கு மறைக்கப்பட்டதெனக் கண்டனம் எழவே, அடிமைத்தளையினின்று விடுபட்டுப் போராடிய சொஜர்னர் ட்ரூத்தின் உருவமும் சேர்க்கப்பட்டது. 2019இல் நகர வடிவமைப்பு ஆணையம் ஒப்புதலளித்தது. 2020 ஆகஸ்டு 26இல் சிலை திறக்கப்பட்டது.

கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. பூங்காவுக்கு உரிய மக்களின் குரலையும் கேட்டபின் ஏற்பதே முறை.