அமைப்பொழுங்கும் அதன் காப்புப்படியும்

கல்லூரி அலுவலகத்திலே சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருப்பதை நாம் அறிவோம். நேரசூசி மாற்றப்பட்டால், இன்று முதல் புதிய நேரசூசி நடைமுறைக்கு வந்தது என அதிலே ஒரு வரி ஏறும். அதிபரின் கையொப்பமும் விழும். மூன்று திங்கள் கழிந்தபின், பழைய நேரசூசியே நன்று, அதற்கே மீள்வோம் என ஒருவர் கூறின், அந்த ஒரு வரி நமக்கு யாது உதவி செய்யும்? பழைய தாளை எவரேனும் எடுத்து வைத்திருந்தாலன்றி மீள்வதற்கு வழியில்லை. மாற்றத்தைப் பதிவு செய்தல் வேறு. மாற்றத்துக்கு முன்பிருந்த நிலையைப் பேணுதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவதனால் இக்காலத்துப் பெரிய வணிக நிறுவனங்களும் இடர்ப்படுகின்றன. முகில்வழி இயங்கும் கணினித் தளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவாம்.

சேல்ஸ்போர்ஸ் என்னும் தளம் 1999 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே மார்க் பெனியோப், பார்க்கர் ஹரிஸ் முதலியோரால் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளர் விபரம், விற்பனை, முறைப்பாடு ஆகியவற்றை நிறுவனங்கள் தத்தம் கணினியில் வைத்திராது, இத்தளத்தில் வைத்து இணையவழியே பயன்படுத்துகின்றன. இத்தளத்தில் உள்ளவற்றை இரு கூறாகப் பகுக்கலாம். வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் தரவு. அவ்விலக்கத்தை எழுதும் இடம் வெறுமையாய் இருத்தலாகாது என்னும் விதி, அதனை எவர் காணலாம், எவர் மாற்றலாம் என்னும் அனுமதி, அது திரையிலே எங்கு தோன்றும் என்னும் ஒழுங்கு, அது மாறியவுடன் தானாக நிகழவேண்டிய செயல் ஆகிய இவையெல்லாம் மீத்தரவு எனப்படும். இவற்றின் தொகுதியையே நாம் அமைப்பொழுங்கு என்கிறோம்.

இவ்வொழுங்கை மாற்றுவதற்கு நிரல் எழுதுவோர் வேண்டியதில்லை. நிருவாகி உரிமை பெற்ற ஒருவர் திரையிலே நாலைந்து இடங்களை அழுத்தி, ஐந்து நிமிடத்துள் ஆயிரம் ஊழியரின் வேலைமுறையை மாற்றிவிடலாம். தளத்தின் சிறப்பும் இதுவே, ஆபத்தும் இதுவே.

எவர் எதை மாற்றினார் என்பதை அறிய, தளத்திலேயே 'செட்டப் ஓடிட் டிரெயில்' என்னும் பதிவேடு உண்டு. அண்மையில் நிகழ்ந்த 20 மாற்றங்களை அது திரையிற் காட்டும். கடந்த 180 நாட்களின் மாற்றங்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் இடந்தரும். திகதி, நேரம், மாற்றியவர் பெயர், மாற்றப்பட்ட பொருள் ஆகியன அதிலே இருக்கும். எனினும், இன்ன திரையின் அமைப்பு மாற்றப்பட்டது என அது கூறுமிடத்து, முன்பு அத்திரை எவ்வாறு இருந்தது என்பதை நாம் அதிலிருந்து அறிய இயலாது. மாற்றியதற்கான காரணமும் அதில் இல்லை. 180 நாள் கடந்தவை பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். ஆதலால் திங்கள்தோறும் அக்கோப்பை இறக்கிப் பேணுவது நிருவாகியின் முதற்கடமை. இது கால் மணி நேரமும் செல்லாத வேலை. ஆயினும் பலர் செய்வதில்லை.

தளம் தானே திருப்பித் தருவனவும் சில உள. 'புளோ' எனப்படும் தன்னியக்கச் செயலொழுங்கு ஒவ்வொன்றுக்கும் 50 பதிப்புகள் வரை தளத்திலேயே தங்கும்; புதியது பிழைத்தால் பழையதை மீள இயக்கலாம். நிறுவனம் தானாக உண்டாக்கிய புலம் ஒன்றை நீக்கினால், 15 நாட்களுள் அதனை மீட்கலாம். ஆனால் திரைகளிலே அது முன்பிருந்த இடத்திற் தானாகச் சென்று அமராது. கிழமைக்கொரு முறையோ திங்களுக்கொரு முறையோ தரவு முழுவதையும் ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. இதனைச் செய்துவிட்டு, எல்லாம் காப்பாக உள்ளது என நிம்மதி கொள்வோரே பெரும்பாலர். அந்த ஏற்றுமதியில் விதியும் இல்லை, அனுமதியும் இல்லை, தரவு மாத்திரமே உண்டு.

2019 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, நிகழ்ந்ததொன்று இதனைத் தெளிவாக்கும். பார்டொட் என்னும் சந்தைப்படுத்தற் பிரிவு தொடர்பில் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் தன் தரவுத்தளத்தில் ஒரு நிரலை ஓட்டியது. அதன் பிழையினால், பார்டொட்டைப் பயன்படுத்திய வாடிக்கை நிறுவனங்களின் ஊழியர்களுக்குத் தமக்குரியதைக் காட்டிலும் பரந்த தரவைக் காணும் உரிமை கிடைத்துவிட்டது. கடைநிலை ஊழியர் தமக்குப் புறம்பான பதிவுகளையும் திறக்கலாம் என்ற நிலை. உடனே சேல்ஸ்போர்ஸ் பாதிப்புற்ற வழங்கிகளின் வாயிலையே மூடிற்று; அதே வழங்கிகளில் இருந்த, பாதிப்பேதும் உறாத நிறுவனங்களும் வெளியே நின்றன. பின்னர் வாயில் திறந்தபோது, பாதிப்புற்ற நிறுவனங்களிலே நிருவாகிகள் மட்டுமே நுழைய முடிந்தது. ஏனைய ஊழியரின் அனுமதிகள் அகற்றப்பட்டிருந்தன.

நிருவாகிகளுக்கு அப்பொழுது கூறப்பட்ட வழி இரண்டு. 'சான்ட்பொக்ஸ்' எனப்படும் ஒத்திகைத் தளத்திலே அனுமதிகளின் பழுதற்ற படி இருந்தால், அதனை எடுத்து உண்மைத் தளத்தில் இடலாம். இல்லையேல் ஒவ்வொன்றாகக் கையினாலே மீள அமைத்தல் வேண்டும். அனுமதிகளைத் தானாக மீட்கும் வேலையையும் நிறுவனம் பின்னர் மேற்கொண்டது. தரவு ஓர் எழுத்தும் அழியவில்லை என்பதை வாசகர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆயினும் அலுவலகங்கள் இயங்கவில்லை. வார இறுதியை எவ்வாறு கழித்தோம் என்பதை நிருவாகிகள் பலர் இன்றும் மறந்திரார்.

இனி, படி எடுக்கும் முறையைக் காண்போம். அமைப்பொழுங்கை எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுப்பதற்கு 'மெட்டாடேட்டா ஏ.பி.ஐ.' என்னும் வாயில் உண்டு. வேண்டிய பொருள்களின் பட்டியலை அனுப்பினால், அவை எக்ஸ்.எம்.எல். வடிவிலே வந்து சேரும். அவற்றை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டில் ஆக்கிய 'கிட்' போன்ற பதிப்புப் பேணும் கருவியில் இடுதல் நன்று. நேற்றைய படிக்கும் இன்றைய படிக்கும் இடையே எந்த வரி மாறியது என்பதை அக்கருவி வரிவரியாகக் காட்டும். மேற்கூறிய பதிவேடு எவர், எப்பொழுது என்பவற்றைச் சொல்ல, இது எது எதுவாக மாறிற்று என்பதைச் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்தாலே கதை முழுமையாகும்.

இவ்விடத்திலே பலரை வீழ்த்திய குழி ஒன்றுண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஊழியரின் உரிமைகளைத் தொகுத்து வைக்கும் கோப்புக்குப் 'புரொபைல்' என்று பெயர். அதனைத் தனியே கேட்டுப் பெற்றால், முழுமையான கோப்பு வருவதில்லை. உடன் கேட்கப்பட்ட புலங்கள், பொருள்கள் எவையோ அவற்றுக்குரிய உரிமைகளே அதனுள் எழுதப்பட்டிருக்கும். பட்டியலிற் புரொபைலை மட்டும் குறித்து, நாள் தவறாது படி எடுத்து வந்த ஒருவர், ஆபத்து நேர்ந்த நாளிலே திறந்து பார்த்தால், கோப்பு இருக்கும். உள்ளே புல உரிமைகள் இரா. பிழைச் செய்தி எதுவும் முன்னர் வந்திராது. தளம் இவ்வாறு நடந்துகொள்வது நியாயமன்று என்பது என் கருத்து. ஆயினும் அதுவே அதன் இயல்பாதலால், பொருள்களையும் புலங்களையும் புரொபைலையும் ஒருங்கே கேட்டு எடுத்தல் வேண்டும்.

மற்றொன்று: பழைய படியைத் தளத்தில் இட்டால், பழையன திரும்பி வரும், ஆனால் இடையிலே புதிதாகப் புகுந்தவை தாமாக நீங்கமாட்டா. தீங்கு செய்தது புதிதாகச் சேர்த்த ஒரு விதியாயின், அதனை நீக்குவதற்கெனத் தனியொரு பட்டியல் அனுப்புதல் வேண்டும். இதனை அறியாதார், மீட்டுவிட்டோம் என எண்ணிய பின்னும் அதே கோளாற்றைக் கண்டு திகைப்பர். சில அமைப்புகள் இவ்வாயில் வழியே வருவதே இல்லை. அவற்றைக் கையேட்டிலே எழுதிவைப்பது தவிர வேறு வழியில்லை.

எடுத்த படி பயன்படுமா என்பதை மீட்டுப் பார்த்தே அறியலாம். 2017 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி, கிட்லாப் நிறுவனத்திலே பொறியியலாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புப்படியைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த படி, மென்பொருட் பதிப்புகள் ஒவ்வாமையினால் எடுக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. அத்தவறை அறிவிக்கவேண்டிய மின்னஞ்சலும் உரியவரிடம் சேர்ந்திருக்கவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்ட படி ஒன்று கைக்கு எட்டியமையால் அவர்கள் மீண்டனர். தம் தவறுகளை ஒளியாது அவர்கள் வெளியிட்ட அறிக்கை, இத்துறையிற் புகும் மாணவர் படிக்கத்தக்கது.

ஆகவே காலாண்டுக்கொரு முறையேனும், காப்புப்படியை ஒத்திகைத் தளத்திலே இட்டு, சாதாரண ஊழியர் ஒருவரின் கணக்கினால் நுழைந்து பார்த்தல் வேண்டும். நிருவாகியின் கணக்கினால் நுழைந்தால் எல்லாம் திறக்கும், குறை தோன்றாது. ஒவ்வொரு மாற்றத்தோடும் அதனைக் கோரியவர் யார், கோரியது எதற்காக என்பதை இரண்டு வரியிலே எழுதிவைத்தலும் வேண்டும். சேல்ஸ்போர்ஸ் ஆண்டுக்கு மூன்று முறை தன் தளத்தைப் புதுப்பிப்பதனால், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன்னர் ஒரு முழுப்படி எடுத்து, எந்தப் பதிப்பு இலக்கத்தின் கீழ் அது எடுக்கப்பட்டது என்பதையும் பட்டியலிலே குறித்து வைப்பார்கள். பதிப்புக்குப் பதிப்பு கோப்புகளின் அமைப்பிலும் வேறுபாடு புகக்கூடுமாதலால், மீட்கும் நாளில் முதலிலே தேடப்படுவது அவ்விலக்கமே.