கூத்தர் குழுவும் கூத்துப்பட்டறையும்

நுழையும்முன்

மேடையில் நிற்பவரை நாம் காண்கிறோம். அவரை நிறுத்தியவர்களைக் காண்பதில்லை. ஒரு சிறு நாடகக் குழு இயங்குவதற்குக் கருவி சுமப்பவர், திரை பிடிப்பவர், விளக்கமைப்பவர், கணக்கெழுதுபவர் எனப் பலர் வேண்டும். அவர்கள் அனைவரும் உண்ணவும் வேண்டும். கொல்லிமலைக்கு வந்த சங்ககாலக் கூத்தர் முதல் சென்னையின் கூத்துப்பட்டறை வரை இக்கேள்வி எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை இப்பாடம் பேசுகிறது.

கொல்லியில் ஒரு குழு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு இன்று எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து செல்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மலைநாட்டை வல்வில் ஓரி ஆண்டான். அவனை நாடி வந்த கலைக்குழு ஒன்றை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் காட்டுகிறார். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை வீழ்த்திய செய்தியால் புகழ்பெற்ற பாடல் அது. வில்லாற்றலில் மனம் ஈடுபடும் நாம், அப்பாடலின் நடுப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம்.

காட்டில் எதிர்ப்பட்ட வேடனை யாரென அறியாத குழுத்தலைவன், அவன்முன் பாட முடிவு செய்கிறான். உடனே கட்டளைகள் பிறக்கின்றன. முழவுக்கு மண் பூசவேண்டும். யாழில் பண்ணை நிறுத்தவேண்டும். யானையின் துதிக்கை போன்ற தூம்பினை ஊதவேண்டும். எல்லரியும் ஆகுளியும் ஒலிக்கவேண்டும். பதலையின் ஒரு முகத்தை மட்டும் மெல்லத் தட்டவேண்டும். தலைவன் பாடுவதற்கு முன் இத்தனை கைகள் இயங்குகின்றன. அரங்கும் திரையும் இல்லாத காட்டுவழியில் நடந்த அந்நிகழ்ச்சியின் ஆயத்தத்தை, இன்றைய ஒத்திகைக் கூடத்தில் இருப்பவர் எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். கருவிக்கலைஞர் ஒருவரின் பெயரும் பாடலில் இல்லை. கருவிகளின் பெயர்களே அவர்களுக்காக நிற்கின்றன.

இக்கருவிகள் எவ்வாறு மலையேறின? கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் கொண்ட மலைபடுகடாம் இதற்கு விடை தருகிறது. கருவிகளைப் பைகளில் இட்டு, இருபுறமும் எடை ஒத்திருக்கும்படி கட்டிச் சுமந்தனர். கார்காலத்துப் பலாமரத்தில் தொங்கும் காய்க்கொத்துகளைப் போல அப்பைகள் தோன்றின என்கிறார் பெருங்கௌசிகனார். உவமை அழகியது, சுமை உண்மையானது.

ஆடலை மறந்தவர்கள்

புறநானூற்றின் 153ஆம் பாடலும் வன்பரணர் ஓரியைப் பாடியதே. அதில் கூத்தர் குழுவைக் 'கண்ணுளங் கடும்பு' என்கிறார். கண்ணுளர் என்பார் கூத்தர். கடும்பு என்பது சுற்றம். தொழிலால் இணைந்த குழுவைச் சுற்றத்தைக் குறிக்கும் சொல்லாலேயே சுட்டியிருப்பது எண்ணத்தக்கது. அக்கடும்பு ஓரியிடம் சென்று, குளத்தில் பூவாத மணிக்குவளை மலர்களை வெள்ளிநாரில் தொடுத்த மாலையையும் அணிகலன்களையும் யானைகளையும் பெற்றது. அதன்பின் அவர்கள் இன்னியம் முழங்க ஆடவும் இல்லை, பாடலையும் மறந்தனர். பசி இல்லாது போனமையால் நேர்ந்ததோ இது என்று புலவர் வினவுகிறார்.

ஓரியின் கொடைச்சிறப்பைக் கூறும் புகழ்மொழி இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்புகழ்மொழிக்குள் ஒரு கவலை மறைந்திருக்கிறது. பசியால் மட்டுமே இயங்கிய கலை, பசி தீர்ந்ததும் நின்றுவிடுமானால் அக்கொடை கலைக்குச் செய்தது என்ன? மற்றொரு கவலையும் உண்டு. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்று அகநானூறு கூறுகிறது. ஒரு வள்ளல் வீழ்ந்ததும், அவனை நம்பி மலையேறிய குழுக்களின் வழியும் அடைபட்டது.

கூத்துப்பட்டறை

இருபதாம் நூற்றாண்டில் வள்ளல்கள் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் மக்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திரைப்படத்தின் பக்கம் சென்றுவிட்டனர். இச்சூழலில் 1977ஆம் ஆண்டு சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் முதன்மையானவர் ந. முத்துசாமி (1936–2018). தஞ்சை மண்ணின் புஞ்சை என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 'எழுத்து' இதழ்வழி அறிமுகமான சிறுகதையாசிரியர். 'நாற்காலிக்காரர்', 'சுவரொட்டிகள்', 'இங்கிலாந்து' முதலிய நாடகங்களை இயற்றியவர்.

முத்துசாமியின் நாடகப் பார்வையை மாற்றியது புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்து. புரிசை இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மாவும் அம்மாவட்டத்தைச் சார்ந்ததே. கல்வியறிவுடைய நகரத்தார் நெடுங்காலம் ஏளனமாகக் கண்ட கலை தெருக்கூத்து. இரண்டு பேர் பிடிக்கும் திரையின் பின்னிருந்து வேடதாரி வெளிப்படுவதும், எடைகுறைந்த கல்யாணமுருங்கை மரத்தில் அணிகலன்கள் செதுக்கப்படுவதும், ஆடுபவர் களைத்தபோது பின்பாட்டுக்காரர் குரல் தாங்குவதும் உயர்ந்த அரங்கக்கலையின் கூறுகள் என முத்துசாமி வலியுறுத்தினார். அவருடைய கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்னும் நூலாயின. கொடுக்கல் ஒருவழியாக மட்டும் நிகழவில்லை. புரிசைக் குழுவினர் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையொன்றைக் கூத்தாக ஆடினர்.

கூத்துப்பட்டறையின் தொடக்ககால நடிகர்கள் பகலில் வேலைக்குச் சென்று மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். களைத்த உடலோடு எவ்வளவு தூரம் பயில இயலும்? நடிகருக்கு மாத ஊதியம் வழங்கி, நாள் முழுவதும் பயிற்சியளிக்க வேண்டும் என்பது முத்துசாமியின் உறுதி. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி சில காலம் அதற்குத் துணைநின்றது. தெருக்கூத்து அடவு, சிலம்பம், குரல், மூச்சு எனப் பயிற்சி விரிந்தது. முத்துசாமியின் மகனும் ஓவியருமான நடேஷ் ஒளியமைப்பில் பங்காற்றினார். குழுவின் கணக்கெழுதும் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் அங்கேயே நடிப்பைக் கவனித்துக் கற்றார்; அவர்தாம் பின்னாளில் திரையில் புகழ்பெற்ற விஜய் சேதுபதி. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோரும் அப்பட்டறையில் உருவானவர்களே.

அவர்கள் திரைப்படத்திற்குச் சென்றமையைக் குறைகூறுவோர் உளர். அக்குற்றச்சாட்டு பொருத்தமற்றது. நிதியுதவிக்குக் கால எல்லை உண்டு. வீட்டு வாடகைக்கு எல்லை இல்லை. ஓரியின் கூத்தர் பசி தீர்ந்து ஆடலை மறந்தனர். நகரத்துக் கூத்தர் பசி தீராமையால் அரங்கை நீங்கினர். ஆடியவாறே உண்ண வழிசெய்ய முயன்ற இடமாகக் கூத்துப்பட்டறையைக் கருதுவதே முறை. ஒரு நடிகர் விலகும்போது அவருடைய வேடத்தை மற்றொருவர் முதலிலிருந்து பயிலவேண்டும். அவ்விழப்பை முத்துசாமி பலமுறை எதிர்கொண்டார். ஒவ்வொரு முறையும் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சியைத் தொடங்கினார். 2012ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலோ அருகிலோ கூத்து அல்லது நாடகம் நடத்தும் குழுவினரைச் சந்தியுங்கள். வேடம் கட்டாத ஒருவரிடம், அவர் குழுவில் செய்யும் பணி யாது, ஓர் இரவு நிகழ்ச்சிக்கு அவருக்குக் கிடைப்பது என்ன, ஏனைய நாள்களில் அவர் என்ன தொழில் செய்கிறார் என்பவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பறையில் படிக்க.