அடுப்படியும் ஓர் ஆய்வுக்கூடம்தான்



"சயின்ஸ்னா கஷ்டம்மா, எனக்கு வேணாம்" என்று பத்தாவது முடித்த பெண் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டாம் என்றால் பி.எஸ்சி. நர்சிங், மருத்துவம், விவசாயப் பட்டம் போன்ற படிப்புகளுக்குப் போவது கஷ்டமாகிவிடும். இந்தப் பயம் பத்தாம் வகுப்பில் திடீரென்று வருவதில்லை. "இது ஏம்மா இப்படி இருக்கு?" என்று குழந்தை கேட்கும்போது, "தொணதொணன்னு பேசாதே" என்று வாயை அடைக்கும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

"நாங்களே படிக்கலையே, எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கலாம். நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையோடு சேர்ந்து செய்து பார்க்கும் மனசு போதும்.

நம் மாநிலம் காட்டிய வழி

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. கிராமங்களில் எளிய பொருட்களை வைத்து அறிவியலைச் செய்து காட்டியது. பிள்ளைகளுக்காக 1987 முதல் 'துளிர்' என்ற மாத இதழைக் கொண்டுவந்தது. 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆய்வு செய்து சொல்கிறார்கள். தமிழக அரசு 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கியது. 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பரிசோதனைப் பொருட்களை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்கே கருத்தாளர்கள் போகும் திட்டம் இது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதுதான்: முதலில் கேள்வி. அடுத்து, "நீ என்ன நினைக்கிறே?" என்று பிள்ளையின் கருத்து. பிறகு செய்து பார்ப்பது. விளக்கம் கடைசியில்தான்.

நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் உண்டு. பாடப் புத்தகச் சொல் புரியாவிட்டாலும், கையால் செய்தது எந்த மொழியிலும் புரியும்.

அங்கன்வாடி வயதுக்கு: மிதக்குமா, மூழ்குமா?

வாளித் தண்ணீரில் கல், ஸ்பூன், காய்ந்த குச்சி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். போடும் முன்பு மிதக்குமா என்று கேளுங்கள். தோலோடு மிதக்கும் ஆரஞ்சு, உரித்தபின் மூழ்கும். தோலுக்குள் காற்று இருப்பதுதான் காரணம்.

6 முதல் 10 வயதுக்கு: ஆரத்தி ஏன் சிவக்கிறது?

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கும். இது நமக்குத் தெரிந்ததுதான். அதே சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டே வாருங்கள். மறுபடியும் மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். மஞ்சள்தூள் இரண்டையும் அடையாளம் காட்டுகிறது. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பதும் இதனால்தான். புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர், மோர் ஆகியவற்றையும் பிள்ளைகளே சோதிக்கட்டும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கையாளவும், கண்ணில் படக்கூடாது.

11 முதல் 13 வயதுக்கு: பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். சில மணி நேரம் கழித்துக் கை வைத்துப் பார்க்கட்டும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. திருத்தணியின் காய்ந்த வெயிலில் நீர் வேகமாக ஆவியாவதால் பானை நன்றாகக் குளிரும். கடலோர ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது. இப்போது கேளுங்கள்: "பெயிண்ட் அடித்த பானை ஏன் சரியாகக் குளிர்விப்பதில்லை?" பிள்ளையே பதில் சொல்லிவிடும்.

உயர்நிலைப் பள்ளிக்கு: நிழல் எங்கே போனது?

நம் முருகன் மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒரு படி என்று சொல்கிறோம். பூமி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 365¼ நாள் ஆகிறது. அந்தக் கால் நாள் என்ன ஆகிறது? நான்கு சேர்ந்து லீப் வருடத்தில் பிப்ரவரி 29 ஆகிறது.

ஒரு நேரான குச்சியை நட்டு, தினமும் உச்சிவேளையில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 25 வாக்கிலும் ஆகஸ்ட் 17, 18 வாக்கிலும், மதியம் 12.10 – 12.15 மணி அளவில், நம் ஊரில் குச்சிக்கு நிழலே விழாது. சூரியன் அப்போது நேர் உச்சியில் நிற்கும். டெல்லியில் இது ஒருநாளும் நடக்காது. ஏன் என்று பிள்ளைகள் உலக வரைபடத்தில் தேடட்டும்.

நமக்கு: ஓட்டை பாட்டில்

அறிவியல் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழுக் கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, நீர் நிரப்பிக் காட்டுங்கள். மேலே ஊற்றுவதை நிறுத்தினால் ஒழுகல் நிற்குமா? நிற்காது, பாட்டில்தான் காலியாகும். ஊற்றிக்கொண்டே இருந்தால் மட்டம் குறையாது. குழந்தையின் உடம்பும் இப்படித்தான்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அவசரத்துக்கு வீட்டிலேயே செய்யலாம்: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாம் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஓட்டை பாட்டிலை எல்லோரும் பார்க்கச் செய்து பேசுங்கள்.
2. ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் ஒரு சோதனையாவது பிள்ளையோடு செய்யுங்கள்.
3. பிள்ளை கேட்ட, நமக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் குழு நோட்டில் எழுதி, பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதற்குள் ஒவ்வொரு குழுவின் நோட்டிலும் பத்துக் கேள்வியாவது சேரட்டும், சகோதரிகளே!