நீரில் வாழும் நெல் நீரில் மூழ்கினால் மாள்வதேன்?

மிளகாய்த் தோட்டத்தில் இரண்டு மூன்று நாட்கள் நீர் தேங்கினாற் செடிகள் வாடி மடிகின்றன. நெல்வயலிலோ வாரக்கணக்காக நீர் நின்றாலும் பயிர் செழித்து வளர்கின்றது. ஆயினும், அதே நெல் வெள்ளத்தில் முற்றாக மூழ்கினால் சில நாட்களில் அழுகிவிடுகின்றது. 2011ஆம் ஆண்டு சனவரி மாத வெள்ளத்தின்போது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும்போக வயல்கள் பல இவ்வாறே அழிந்தன. இதன் காரணத்தை அறிந்த கமக்காரர், வெள்ளம் வடிந்தபின் எதனைக் காப்பாற்றலாம், எதனைக் கைவிடலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கலாம்.

வேருக்கும் காற்று வேண்டுமா?

ஆம். இலையைப் போலவே வேரும் சுவாசிக்கின்றது. மண்துணிக்கைகளுக்கு இடையிலுள்ள வெளிகளிற் காற்று நிறைந்திருக்கும். அதிலுள்ள ஒட்சிசன் என்னும் பிராணவாயுவை வேர் பெற்றுக்கொள்ளும். நீர் தேங்கும்போது அவ்வெளிகள் நீரால் நிரம்பிவிடுகின்றன. காற்றிற் பரவும் வேகத்துடன் ஒப்பிடின், நீரில் ஒட்சிசன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே மிளகாய், தக்காளி முதலியவற்றின் வேர்கள் மூச்சடைத்து அழுகுகின்றன. வேர் அழுகிய செடி, சுற்றிலும் நீர் இருந்தும் அதனை உறிஞ்ச இயலாது வாடுகின்றது. வாடலைக் கண்டு மேலும் நீர் இறைப்பது கேட்டையே விளைவிக்கும்.

நெற்பயிருக்கு இவ்விடர் நேராதது ஏன்?

நெல்லின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றறைகள் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. நீர்மட்டத்திற்கு மேலுள்ள இலைகளிலிருந்து காற்று அவ்வறைகளின் வழியே வேர்வரை இறங்குகின்றது. இலைநுனி வெளியே இருக்கும்வரை இவ்வழி திறந்திருக்கும். பயிர் முழுவதும் மூழ்கியதும் அது அடைபட்டுவிடுகின்றது. கலங்கிய வெள்ளமாயின் சூரிய ஒளியும் தடைப்படுவதால் இலைகள் உணவு தயாரிக்கவும் இயலாது.

மூழ்கிய பயிர் நெடிதாய் வளர்வதன் பயன் யாது?

பயிரினுள் உண்டாகும் எதிலீன் என்னும் வாயு, நீரில் மூழ்கிய வேளையில் வெளியேற முடியாது உள்ளே சேர்கின்றது. அதனாற் பயிர் தூண்டப்பட்டு, நீர்மட்டத்தை எட்ட விரைந்து நீளுகின்றது. வெள்ளம் ஆழமற்றதாயின் இது நன்மையே. ஆழமான வெள்ளத்திலோ, சேமித்த மாப்பொருளும் வெல்லமும் இம்முயற்சியிற் செலவாகிவிடுகின்றன. நீர் வடிந்ததும் மெலிந்து நீண்ட பயிர் சாய்ந்து மாள்கின்றது.

அண்மைக்கால ஆராய்ச்சி கண்டது யாது?

இந்தியாவின் ஒடிசா மாநிலத்துப் பழைய நெல்லினமொன்று இரு கிழமைகள் மூழ்கியிருந்தும் பிழைப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். எமது நாட்டின் கொட ஹீனட்டி, தவலு என்னும் பழைய இனங்களும் இத்தகைய தாங்குதிறன் உடையனவெனக் கண்டறியப்பட்டுள்ளன. ஒடிசா இனத்தில் இத்திறனுக்குக் காரணமான பரம்பரையலகு 2006ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. இது பயிரை நீளவிடாது அடக்கி, சேமித்த உணவைக் காக்கின்றது. வெள்ளம் வடிந்தபின் அவ்வுணவைக் கொண்டு பயிர் புதுக்குருத்து விடுகின்றது. இப்பண்பு சுவர்ணா என்னும் பெயர்பெற்ற இனத்துடன் கலப்பினவிருத்தி மூலம் சேர்க்கப்பட்டு, 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. எனினும், இதன் பாதுகாப்பு ஏறக்குறைய இரு கிழமைகளுக்கே போதுமானது. பூக்கும் பருவத்தில் வரும் வெள்ளத்திலிருந்து இது பயிரைக் காக்காது.

வெள்ளம் வடிந்ததும் வயலை உழுதுவிடலாமா?

அவசரப்படலாகாது. இலைகள் பழுத்துச் சேறு படிந்திருப்பினும், குருத்து உயிருடன் இருக்கலாம். வயலின் பல இடங்களிலும் சில பயிர்களைப் பிடுங்கி, தண்டின் அடியை நெடுக்காக வெட்டிப் பார்த்தல் வேண்டும். உட்குருத்து வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பின் பயிர் பிழைக்கக்கூடும். கபில நிறமாகிக் குழைந்திருப்பின் அது மாண்டதாகும். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தால் உண்மை நன்கு விளங்கும். பிழைக்கக்கூடிய வயலை உழுதால் விதைநெல்லும் கூலியும் வீணாவதுடன், போகமும் பிந்திவிடும்.

கவனத்திற்கொள்ள வேண்டியவை:

1. வாய்க்கால்களையும் வடிகால்களையும் மாரிமழைக்கு முன்னரே துப்புரவு செய்க.

2. வெள்ளம் வருமென எதிர்பார்க்கும் வேளையில் யூரியா இடுவதைத் தவிர்க்க. தழைச்சத்து மிகுந்த பயிர் மூழ்கும்போது எளிதில் மாளும்.

3. நீர் வடிந்த உடனேயும் யூரியா இடலாகாது. புதிய இலை தோன்றியபின் இடுக.

4. பயிர் அழிந்த இடங்களை, செழித்து நிற்கும் பயிர்களிலிருந்து பிரித்தெடுத்த மட்டங்களை நட்டு நிரப்புக.

5. மரக்கறிப் பயிர்களை உயர்ந்த பாத்திகளில் நடுக. பாத்திகளிடையே நீர் தேங்காது ஓடவிடுக.

6. தாழ்ந்த வயல்களுக்கேற்ற இனங்களைப் பற்றி, விதைப்புக்கு முன்னரே பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அறிந்துகொள்க.

வெள்ளத்தைத் தடுப்பது கமக்காரரின் கையில் இல்லை. வடிந்தபின் குருத்தைப் பார்த்து முடிவு செய்வது அவரது கையிலேயே உள்ளது.