பிள்ளைக் காப்பு

பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்துப் பருவங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தை தவழவும் மழலை பேசவும் தொடங்குமுன்பே, அதைக் காத்தருளுமாறு புலவர் தெய்வங்களை வேண்டுகிறார். திருமாலை முதலில் அழைப்பது மரபு. அடுத்து வேறு பல தெய்வங்களும் வரிசையாக அழைக்கப்படுகின்றனர். ஒரு தெய்வத்திடம் வேண்டினால் போதாதா என்று மாணவப் பருவத்தில் நான் எண்ணியதுண்டு. ஒரு குழந்தையைக் காப்பதற்குக் கைகள் பல வேண்டும் என்ற அனுபவ அறிவே அந்த மரபில் பொதிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

'குழந்தைப் பாதுகாப்பு' என்ற சொல் இன்று ஆரம்பப் பள்ளிகளின் சுற்றறிக்கைகளில் அடிக்கடி காணப்படுகிறது. மதில் சுவர், வாயிற்காவலர், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றோடு அச்சொல்லின் பொருள் முடிந்துவிடுவதாகப் பலர் கருதுகின்றனர். மதிலுக்கு வெளியே, குழந்தையின் வீட்டில் நிகழ்வது பள்ளியின் கவலையன்று என்பது இதன் உட்பொருள். இக்கருத்து சரியானதா? இதற்கு விடை காண, 19ஆம் நூற்றாண்டில் புனே நகரில் ஒரு தம்பதியர் ஆற்றிய பணியைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

வறுமை இழுக்கும் கை

1848ஆம் ஆண்டில் புனேயின் புதவார் பேட்டையில், பிடே வாடா என்ற இல்லத்தில், ஜோதிராவ் புலேயும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். சாவித்திரிபாய்க்கு அப்போது வயது 17. கற்பிக்கச் செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டன என்றும், மாற்றுச் சேலை ஒன்றை அவர் கையோடு எடுத்துச் சென்றார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இச்செய்தி பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1855ஆம் ஆண்டில், பகலெல்லாம் உழைக்கும் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் ஓர் இரவுப் பள்ளி நடத்தினர். பிள்ளைக்குப் பகலில் பாடம், பெரியோருக்கு இரவில் பாடம். பள்ளியின் எல்லை எது என்பதில் அத்தம்பதியருக்கு இருந்த தெளிவை இது காட்டுகிறது.

1882ஆம் ஆண்டு அக்டோபரில் ஹண்டர் கல்விக் குழுவின்முன் ஜோதிராவ் ஒரு விரிவான அறிக்கையை அளித்தார். ஏழை எளியோரின் பிள்ளைகள் ஏன் பள்ளியில் நிலைப்பதில்லை என்பதை அவர் அதில் ஆராய்கிறார். பிள்ளைகளுக்கு அறிவில்லை என்றோ பெற்றோருக்கு அக்கறையில்லை என்றோ அவர் கூறவில்லை. கடும் வறுமை, மாடு மேய்க்கவும் வயலைப் பார்த்துக்கொள்ளவும் அந்தப் பிஞ்சுக் கைகள் வீட்டுக்குத் தேவைப்படுகின்றன, சிறிய வேலை ஒன்று கிடைத்தாலும் பிள்ளை பள்ளியை விட்டுவிடுகிறது. ஆகவே குறைந்தது 12 வயது வரை ஆரம்பக் கல்வி கட்டாயமாக வேண்டும் என்று கேட்ட அவர், உதவித் தொகையும் பரிசுகளும் தரவேண்டும் என்றும் கேட்டார். கட்டாயம் மட்டும் இருந்து உதவி இல்லையெனில், சட்டம் ஏழைத் தாய்க்குத் தண்டனையாகிவிடும். கட்டாயக் கல்விச் சட்டம் நாடு முழுவதற்குமாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் முதல் நாளில். இடையில் 128 ஆண்டுகள் கடந்துவிட்டன!

அதே புனே நகரில் 1990களின் தொடக்கத்தில் இந்த உண்மை மீண்டும் வெளிப்பட்டது. குப்பை பொறுக்கும் சிறுவர் சிறுமியருக்குக் கல்வி அளிக்க எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவினர் முயன்றனர். எழுத்தறிவித்தால் மட்டும் போதாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். தாய் குப்பைத்தொட்டியைக் கிளறி ஈட்டும் சொற்பக் கூலியால் வீடு நடவாதபோது, பிள்ளையும் கோணிப்பையுடன் உடன் செல்கிறது. எனவே தாய்மாரின் உழைப்பைச் சீர்படுத்துவதில் அவர்கள் இறங்கினர். வீடுகளிலேயே பிரித்து வைக்கப்பட்ட கழிவுப் பொருள்கள் நேரடியாகக் கிடைத்தால் வருவாய் கூடும், அலைச்சல் குறையும். இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கம் உருவாயிற்று. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளிகளின் மன்றம் என்பது அதன் பொருள். தாயின் கூலி உயர்ந்ததோடு, குழந்தைகள் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்ற பிரசாரமும் சங்கத்தினுள்ளேயே நடந்தது. குழந்தையைக் காக்கப் புறப்பட்டவர்கள் தாயிடம் வந்து சேர்ந்தனர்.

நான் படித்த ஆரம்பப் பள்ளியில் தாமதமாக வரும் மாணவர்களை வாயிலில் நிறுத்தி வைப்பார்கள். ஒரு சிறுவன் அநேகமாக நாள்தோறும் நின்றான். அவனுடைய தாய் விடியலில் வேலைக்குச் சென்றுவிடுவார். தங்கையைக் குளிப்பாட்டி, அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு அவன் வருவான் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. 'ஏன் தாமதம்?' என்று அவனை அதட்டியவர்கள் உண்டு. விடையைக் கேட்க நின்றவர் எவருமில்லை. நானும் கேட்டதில்லை.

மானம் மூடும் வாய்

வறுமையைவிடக் கொடிய மற்றொன்று உண்டு. அது மான அச்சம்.

ஜோதிராவின் நண்பர் ஒருவர் வீட்டில் சமையல் வேலை செய்த இளம் விதவை ஒருத்தி, வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றாள். ஊராரின் தூற்றலுக்கு அஞ்சி, பிறந்த சிசுவைக் கொன்றாள். அந்தமான் தீவுக்கு நாடுகடத்தும் ஆயுள் தண்டனை அவளுக்கு விதிக்கப்பட்டது. வஞ்சித்தவனுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இந்நிகழ்ச்சியால் மனம் வருந்திய புலே தம்பதியர் 1863ஆம் ஆண்டில் தங்கள் வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினர். விதவைகள் ரகசியமாக வந்து பிரசவிக்கலாம் என்ற அறிவிப்பு நகரில் ஒட்டப்பட்டது. 'கொல்லாதே' என்று தாய்க்கு உபதேசம் செய்வது எளிது. கொல்லத் தூண்டிய அச்சத்தை அகற்றுவதே அவர்கள் மேற்கொண்ட பணி.

1884இல் ஜோதிராவ் எழுதிய குறிப்பொன்றின்படி, அதுவரை 35 பெண்கள் அங்கு வந்து பிரசவித்திருந்தனர். பிறந்த குழந்தைகளுள் ஐந்தே உயிரோடிருந்தன. கருவைக் கலைக்கத் தாய்மார் முன்னரே உண்ட நச்சு மருந்துகளே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஆனால் அச்சம் அவர்களைத் தாமதமாகவே அக்கதவுக்கு அனுப்பியது.

இன்றும் அந்த அச்சம் மறையவில்லை. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. பாலியல் துன்பம் இழைத்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள் என்று அது கூறியது. 'வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம்' என்ற சொல் இங்கேதான் எழுகிறது. பெற்றோர் மறைக்கின்றனர், சில வேளைகளில் பெற்றோருக்கு இரங்கி ஆசிரியரும் மறைக்கிறார். குடும்பத்துக்குத் துணை நிற்பது என்பது இதுவன்று. துணை நிற்பது வேறு, மூடி மறைப்பது வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ காவல் துறைக்குத் தெரிவிப்பது யாவருக்கும் கடமை. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே சட்டம் குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளிப்படுவதைத் தடுக்கிறது. குற்றம் வெளிப்பட வேண்டும், குழந்தை வெளிப்படக் கூடாது.

எனவே குழந்தை வந்து சொல்லும்போது, 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஆசிரியர் வாக்களிக்கலாகாது. துருவித் துருவிக் கேட்பதும் கூடாது. சொன்னதை நம்பி, 'உன் மீது தவறில்லை' என்று கூறினால் குழந்தைக்குத் தெம்பு பிறக்கும். அன்று மாலை தாயை அழைத்து, தனி அறையில் அமரவைத்து, தண்ணீர் கொடுத்துப் பேச வேண்டும். ஆனால் தாய் கெஞ்சினாலும் தகவல் தெரிவிக்கும் கடமையை விட்டுவிட முடியாது. காவல் நிலையத்துக்கு அவருடன் துணைக்குச் செல்லலாம். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண் பல பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறையில் மாட்டப்பட்டிருக்கிறது. குழந்தையின் கண் மட்டத்தில், அதுவே படிக்கும்படி எழுதி வைத்தால் நன்று.

அந்தச் சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தில் விதவைத் தாய் ஒருவருக்குப் பிறந்த யஷ்வந்த் என்ற ஆண் குழந்தையைப் புலே தம்பதியர் தத்தெடுத்து வளர்த்தனர். அவர் படித்து மருத்துவரானார். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியபோது, தாயும் மகனும் நகருக்கு வெளியே ஹடப்சர் அருகே சிகிச்சை இடம் ஒன்றை அமைத்தனர். முண்டவா பகுதியில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்த சாவித்திரிபாய், தாமே சென்று அவனைச் சுமந்துகொண்டு மகனிடம் வந்தார். நோய் அவரையும் தொற்றியது. அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் அவர் காலமானார்.