நான்காவது கூறு: நோயுற்றோர் மனத்தைப் பேணுதல்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. முதல் மூன்றையும் மாணாக்கர்க்கு விரித்துரைக்கும் யாம், நான்காவதை ஒரு சொல்லிற் கடந்துவிடுகின்றோம். கொடுநோயுற்றார்க்கு எஞ்சிய நாள்கள் வாழ்வாவதும் வெறுஞ் சுமையாவதும் பெரிதும் அந்நான்காவதைப் பொறுத்தன. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இங்கிலாந்திலே தாதியாயிருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் இலண்டன் மாநகரிலே தீராநோயாளர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். நோயாளர் படும் வேதனை உடலொன்றிற்கே உரியதன்று. மனத்துயரும், குடும்பத்தையும் பொருளையும் பற்றிய கவலையும், ‘எனக்கு ஏன் இது?’ என்னும் ஆன்ம வினாவும் அதனுட் கலந்துள்ளன என்று அவர் போதித்தார்.

இஃது அன்புரை மாத்திரமன்று. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, பரவிய நுரையீரற் புற்றுநோயுடைய 151 பேரிடத்து நிகழ்த்திய ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. ஒரு சாரார் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். மற்றையோர் அதனோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றனர். மனச்சோர்வின் அறிகுறி முன்னவருள் நூற்றுக்கு 38 பேரிடத்தும், பின்னவருள் 16 பேரிடத்துமே காணப்பட்டது. பின்னவர் ஏறத்தாழ மூன்று திங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தனர்.

இனி நமது சம்பூரை நோக்குவாம். 2006இல் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலே மீண்ட குடும்பங்கள் இங்குள்ளன. நோயாளி கொட்டியாரக் குடாவைச் சுற்றித் திருகோணமலைக்கும், சிலபோது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் சென்று, மருந்தோடு வீடு திரும்புகின்றார். அதன்பின் அவரருகில் இருப்பவர் யாவர்? மனைவி, அல்லது தாய், சில வீடுகளிலே நம் வகுப்பில் உறங்கி விழும் பிள்ளை.

ஈண்டு என் பிழையொன்றையும் உரைத்தல் வேண்டும். நோயுற்ற அயலவர் ஒருவரைக் காணச் சென்ற யான், ஆறுதலென்றெண்ணி, “எல்லாம் முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்ளும்” என்றேன். அவர் சுவர்ப்பக்கந் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவர் மனைவியார், “வாத்தியார், ‘நான் ஆருக்கு என்ன பாவம் செய்தேன்’ எண்டு இராமுழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்” என்றார். வினைக்கொள்கை நம்மொழுக்கத்தை நாம் திருத்துதற்கு உரியது. பிறர் நோயின்மேல் தீர்ப்புக் கூறுதற்கு உரியதன்று.

அங்ஙனமாயின் செய்யத்தக்கன யாவை?

ஒன்று: பேசுதலினும் கேட்டல் நன்று. இன்று எதனைச் செய்ய விரும்புகின்றார் என்று நோயாளியையே வினவுக. முற்றத்தில் இருத்தலோ, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லலோ, அது நிறைவேற உதவுக.

இரண்டு: துயரம் இயல்பு, மனச்சோர்வு நோய். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக்கேடு, தன்னைத்தானே பழித்தல் என்பன தொடருமாயின் மருத்துவர்க்கு அறிவிக்க. அதற்குச் சிகிச்சை உண்டு. சாகும் எண்ணம் உண்டோ என்று பரிவோடு வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்கும் என்பது தவறு. 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி எண்ணையும் அறிந்துவைத்தல் நன்று.

மூன்று: பேணுபவரையும் பேணுக. 1993இல் கோழிக்கோட்டிலே தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அயலாரைப் பயிற்றி நோயாளர் வீடுகளுக்கு அனுப்பும் முறையாகக் கேரளத்திற் பரவிற்று. 2008இல் அவ்வரசும் அதற்கெனக் கொள்கை வகுத்தது. சென்றோருட் பலர் மருத்துவரல்லர்; நம்மனையோரே. ஒரு மாலைப்பொழுது நாம் நோயாளியின் பக்கலில் இருப்பின், அவ்வீட்டுப் பிள்ளை படிக்கவோ உறங்கவோ கூடும்.

அடுத்தமுறை அக்குறளைக் கற்பிக்குங்கால், நான்காவது கூற்றிலே சற்று நிற்போமாக. வகுப்பிலே உறங்கும் பிள்ளையைக் கடியுமுன், வீட்டில் யார் நோயுற்றுளர் என்று தனியே அழைத்து வினவுவோமாக.